பாஸ் குரூப்

சொர்ணலதாவின் கைபேசி ஜனவரி பிறந்ததிலிருந்து தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அடித்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில், மாவு மில்லுக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை வீடு அது. கீழே மில் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சந்தில் எழும் முதல் சத்தம் அந்தப் போன்தான். கூப்பிடுகிறவர் நஞ்சுண்டசாமி, அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சொர்ணலதாவின் மகள் அனுப்ரியா அங்கே பத்தாவது படிக்கிறாள்.

மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. கர்நாடகம் முழுக்க ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளை லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதுவார்கள். எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி என்று பேப்பரில் வரும். கீழே போன மாவட்டத்தின் அதிகாரிக்கு மேலே இருந்து ஓலை வரும். அதிகாரி தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். தலைமையாசிரியர் வாத்தியார்களைக் கேட்பார். அதனால் பரீட்சைக்கு முந்தின மாதங்களில் பத்தாவது வகுப்புப் பிள்ளைகளை வாத்தியார்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டு, விடியலில் வீட்டுக்கு வீடு போன் செய்து எழுப்பிவிடுவது என்று அந்தப் பள்ளியில் ஓர் ஏற்பாடு. வாத்தியாரை யார் எழுப்புவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

"ஏந்திட்டாளாம்மா?" என்பார் நஞ்சுண்டசாமி.

"அவ அப்பவே எந்திரிச்சு உக்காந்து படிச்சுட்டு இருக்காளுங்க சார்" என்பாள் சொர்ணலதா.

அனுப்ரியா அந்நேரம் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். போனை வைத்த கையோடு அம்மா அவள் காலைப் பிடித்து இழுப்பாள். பொய் என்று வாத்தியாருக்கும் தெரியும். தெரிந்தும் "சரிம்மா, படிக்கட்டும்" என்று அடுத்த வீட்டுக்குப் போன் போடப் போய்விடுவார். இப்படியே இருவருக்கும் ஒரு நல்ல பழக்கம் உண்டாகியிருந்தது.

வாத்தியாருக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். வீட்டில் கன்னடம் பேசினாலும் தமிழ் தடையில்லாமல் வரும். சொர்ணலதா ஹனூர்ப் பக்கம். அப்பாவுக்கு மானாவாரி நிலம், அதில் சோளமும் ராகியும். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று இரண்டிலும் காலை வைத்து வளர்ந்தவள். அவளும் ஒரு காலத்தில் இதே எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். கணக்கில் பெயில். அதோடு படிப்பு நின்றது. பிறகு கல்யாணம், மைசூர், இந்த மாடி அறை. கணவன் கந்தசாமிக்குக் கட்டட வேலையில் சென்டரிங். இவள் கொஞ்ச காலம் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள். அனுப்ரியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சட்டை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். இப்போது அங்கே செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்து, காலர், பட்டன், பை என்று கண்ணாலும் விரலாலும் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் ஒரு பக்கம், திரும்பத் தைக்க வேண்டியது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம் என்று போடுவாள். கைவேகத்தில் அவளை மிஞ்ச அந்த வரிசையில் ஆள் கிடையாது. ஆனாலும் பெயில் என்கிற சொல்லை யார் எங்கே சொன்னாலும், பஸ்ஸில் பிரேக் பெயில் என்று சொன்னால்கூட, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஜனவரிக் கடைசியில் முன்தயாரிப்புத் தேர்வு வந்தது. கணக்கில் அனுப்ரியா பாஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள், தாண்டவில்லை. மற்ற பாடமெல்லாம் நன்றாகவே இருந்தது. பெற்றோரை வரச் சொன்னார்கள். சொர்ணலதா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

நஞ்சுண்டசாமி வகுப்பை மூன்றாகப் பிரித்திருந்தார். நிறைய மார்க் வாங்கக்கூடியவர்கள் ஒரு கூட்டம். நடுவில் நிற்பவர்கள் ஒரு கூட்டம். எப்பாடு பட்டாவது கரையேற்ற வேண்டியவர்கள் மூன்றாவது கூட்டம். அதற்குப் பெயர் பாஸ் குரூப். இந்தப் பிள்ளைகளுக்கு முழுப் புத்தகம் கிடையாது. கிராஃப் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு போடுவது, இரண்டு தேற்றம், இன்னும் நிச்சயமாகக் கேட்கப்படும் சில கணக்குகள். அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்ப, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகப் போடுகிற அளவுக்குப் பழக்குவார். மற்றதெல்லாம் நடக்கும்போது அவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கிராஃப் வரைந்துகொண்டிருப்பார்கள். இந்த முறையில் அவர் வகுப்பில் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கணக்கில் ஒருவர்கூடத் தவறவில்லை. நூற்றுக்கு நூறு. மேலிடத்துக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லி அவருக்குக் கை தட்டினார்கள்.

"நோடிம்மா, பாருங்க, உங்க பொண்ணு ரெண்டுக்கும் நடுவுல நிக்கறா" என்றார். "நடுக் குரூப்ல வெச்சா என்னாகும்னு என்னால சொல்ல முடியாது. மேலயும் போலாம், கீழயும் போலாம். பாஸ் குரூப்ல போட்டா பாஸுக்கு நான் பொறுப்பு. நீங்களே சொல்லுங்க."

இந்த இடத்தில் வேறொரு தாயாக இருந்தால் யோசித்திருப்பாள், இரண்டு கேள்வி கேட்டிருப்பாள். சொர்ணலதா ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"பாஸ் பண்ணி வுட்டுருங்க சார். அது போதுமுங்க."

திரும்பி வரும்போது அக்ரஹாரத்துக் கடையில் போண்டா வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த நாள் முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது. கந்தசாமியிடம் சொன்னபோது, "பாஸாயிரும்ல? அப்பறமென்ன" என்று அவன் இரண்டு போண்டாவை ஒரே மூச்சில் முடித்தான். அனுப்ரியா ஒன்றும் பேசவில்லை. பெண் பிள்ளை பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், பாலிடெக்னிக் ஒன்றிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்தார். பத்தாவதுக்குப் பிறகு பி.யு.சி. போகலாம், ஐ.டி.ஐ. போகலாம், டிப்ளமோ படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை கந்தசாமி சாப்பிட்டுக்கொண்டே தன் வேலையிடத்துக் கதையைச் சொன்னான். புதிதாக ஒரு பெண் சைட்டுக்கு வந்திருக்கிறாளாம். பார்க்கச் சின்னப் பெண், டிப்ளமோ முடித்தவள். இவன் அடித்த பலகையில் மட்டம் வைத்துப் பார்த்து, இந்த மூலை இறங்கியிருக்கிறது, ஏற்றுங்கள் என்றாளாம்.

"நானும் 'சரிங்க மேடம்'னு ஏத்தி வுட்டேன்" என்று சிரித்தான். "சரியாத்தான் சொல்லிச்சு. இறங்கித்தான் இருந்துது."

"எனக்கு அது படிக்கணும்" என்றாள் அனுப்ரியா.

"எது?"

"டிப்ளமோ. சிவில்."

கந்தசாமி வாயில் வைத்த சோற்றோடு மகளைப் பார்த்தான். சொர்ணலதாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. "படி கண்ணு, அதுக்கென்ன. பாஸானதும் சேத்து வுடறோம்" என்றாள்.

"பாஸானா ஆகல்லம்மா!" அனுப்ரியாவுக்குக் கோபம் வந்தால் கன்னடமும் தமிழும் முட்டிக்கொண்டு வரும். "கணக்குலயும் சயின்ஸ்லயும் எவ்ளோ மார்க்னு பாத்துத்தான் சீட்டு. பாஸ் குரூப்ல நாப்பதுக்கு மேல யாருக்கும் வராது. அவங்களுக்கு டிரிக்னாமெட்ரியே கிடையாது. ஒரு கட்டடம் எவ்ளோ உயரம்னு கண்டுபிடிக்கற கணக்கு அதுலதான் வருது. அத சார் போர்டுல போடறப்போ நானு பின்னாடி உக்காந்து கிராஃப் போடணும். தினமும் அதே கிராஃப்."

"வாத்தியாரு அப்படிப் போட்டா நாம என்ன பண்றது சாமி?"

"சார் போடல. நீ போட்டே. போதும்னு சொன்னியாமே."

சொர்ணலதாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சொன்னது தன் வாயிலிருந்து வந்த சொல்தான். ஆனால் மகளைப் பார்த்துத்தான் சொன்னேனா, இல்லை ஹனூரில் பரீட்சை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்துச் சொன்னேனா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. மறுநாள் கம்பெனியில் சட்டைகளைப் பிரித்துப் போடும்போதும் அதே நினைப்பு. ஒரு தையல் விட்டுப்போன சட்டையை அவள் ஆகாத பக்கத்தில் போட்டதே கிடையாது. திரும்பத் தைக்கிற பக்கத்தில்தான் போடுவாள். பெற்ற பெண்ணுக்கு அந்த நியாயம்கூடத் தன்னிடம் கிடைக்கவில்லையே என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

அடுத்த விடியலில் போன் அடித்தது.

"ஏந்திட்டாளாம்மா?"

"தூங்கறாளுங்க சார்" என்றாள் சொர்ணலதா. "சார், அவள அந்தக் குரூப்ல இருந்து எடுத்து வுட்டுருங்க. முழுசா சொல்லிக் குடுங்க."

"ஏனாயித்தும்மா திடீர்னு?"

"டிப்ளமோ படிக்கோணுங்கறா. அதுக்கு மார்க் வேணுமாமுங்க."

நஞ்சுண்டசாமி அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கு வரச் சொன்னார். மரத்தடியில் நின்றுதான் பேசினார்கள். கெட்ட மனுஷர் இல்லை அவர். கோபப்படவும் இல்லை.

"பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்கு. விட்டுப்போன பாடம் நிறைய. இவ எல்லாத்தையும் தொட்டு எதையும் முழுசா பிடிக்காம விட்டுட்டா, இருக்கற பாஸும் போயிடும். இதே பொண்ணு பெயிலாயிட்டா வீட்ல என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்மா. எத்தன வீட்ல பாத்திருக்கேன். உடனே ஒரு கம்பெனி, இல்லன்னா ஒரு மாப்பிள்ள." குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு பயம் இருக்கு, ஒளிக்கல. ரெண்டு வருஷமா நூத்துக்கு நூறு. ஒண்ணு குறைஞ்சா என்னத்தான் கேப்பாங்க."

"பெயிலானா உங்க மேல ஒரு வார்த்த வராதுங்க சார். நான் பாத்துக்கறேன்."

அந்தப் பாழும் சொல்லைத் தன் வாயால் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டாள். வாத்தியார் அவளையே பார்த்தார். பிறகு, "நாளையிலருந்து முன்பெஞ்சுல உக்காரச் சொல்லுங்க" என்றார்.

நூற்றுக்கு நூறு வாத்தியார் அத்தோடு தன் மகளைக் கைவிட்டிருப்பார் என்று சொர்ணலதா நினைத்திருந்தாள். ஆனால் அடுத்த நாளும் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. இந்த முறை அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அனுப்ரியா விளக்கைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒரு மாதம் வீட்டில் கட்டட உயரங்கள்தான். மில்லின் தகரக் கூரை எவ்வளவு உயரம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரம் என்று கணக்கு. கந்தசாமி டேப்பை எடுத்துவந்து மில் சுவரை அளந்து, மகள் போட்ட விடைக்குப் பக்கத்தில்தான் வருகிறது என்று கண்டபிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சைட்டுக்குப் போய்ச் சொன்னான். டீக்கடையில் சொன்னான். கீழே மில்லை நடத்தும் பசம்மாவிடம் சொன்னான். பசம்மா கன்னடத்தில், உன் பெண் அளக்கிறது இருக்கட்டும், என் சுவரில் பென்சிலால் கோடு போட்டது யார் என்று கேட்டாள்.

கணக்குப் பரீட்சை அன்று அனுப்ரியா முகம் மலர வந்தாள். அறையில் கேமரா வைத்திருந்ததையும், திரும்பிப் பார்க்கக்கூடப் பயந்ததையும் சொன்னாள். உயரக் கணக்கைத்தான் முதலில் போட்டாளாம். அப்புறம் கஷ்டமான இன்னும் இரண்டு. விடையெல்லாம் சரி.

"கிராஃப்?" என்று கேட்டாள் சொர்ணலதா. இந்த ஒரு மாதத்தில் அவளுக்குப் பாடமே பாதி தெரிந்துவிட்டது.

"அத கடைசில போடலாம்னு வெச்சேன்" என்றாள் மகள், கையைக் கழுவிக்கொண்டே. "பெல் அடிச்சுட்டாங்க."

அதற்குமேல் சொர்ணலதா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது.

மே மாதம் முடிவு வந்தது. அனுப்ரியா எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் மட்டும் இரண்டு மார்க்கில் போய்விட்டது. அந்தப் பள்ளியில் பத்தாவது எழுதியவர்களில் தவறியது அவள் ஒருத்தி மட்டுமே. கடைசி பெஞ்சில் அவளோடு கிராஃப் வரைந்துகொண்டிருந்த தோழி மனிஷா உட்பட பாஸ் குரூப் மொத்தமும் கரையேறிவிட்டது. முடிவைச் சொல்லப் போன் செய்ததே மனிஷாதான். சொல்லும்போது அவளே அழுதாளாம்.

வீட்டுக்கு வீடு தகவல் பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் சொர்ணலதா வேலை முடிந்து வந்தபோது அறை நிறைந்திருந்தது. அனுப்ரியா சுவரோரம் முகத்தை முழங்காலில் புதைத்து உட்கார்ந்திருந்தாள். பசம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதிக்கொண்டு, "பேஜார் மாட்கோபேடா மகளே" என்று தேற்றிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் வாசலில் நின்று உச்சுக் கொட்டினார்கள். யாரோ மாம்பழம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

கந்தசாமி மகளின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "வுடு கண்ணு. இப்ப என்னாயிப் போச்சு? உன்னைய யாரு என்ன சொல்லப் போறா? பேசாம வூட்ல இரு. கொஞ்ச நாளு போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அழுவாத சாமி."

எல்லாரும் நல்லவர்கள். ஒருவர் வாயிலும் ஒரு கடுஞ்சொல் இல்லை. சொர்ணலதா கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே வாசலில் நின்று இதைப் பார்த்தாள். கந்தசாமி சொன்னதில் ஒரு சொல் மாறாமல், அவள் பெயிலான அன்று அவள் அப்பாவும் சொன்னார். வுடு கண்ணு, இப்ப என்னாயிப் போச்சு. அடுத்த சந்தைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தார். அம்மா பணியாரம் சுட்டாள். வாத்தியார்கூட வழியில் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார். ஒருவரும் திட்டவில்லை. எவ்வளவு பாசமான மனிதர்கள் என்று இத்தனை வருஷமும் அவள் எண்ணியிருந்தாள். பாசம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அவள் பாஸாவாள் என்று அங்கே ஒருவரும் எதிர்பார்க்கவே இல்லை. எதிர்பார்த்திருந்தால் யாருக்காவது கோபம் வந்திருக்கும். மறுபடி எழுது என்று ஒருவராவது சொல்லியிருப்பார்கள். இது அவளுக்கு அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் கோபமாக வந்தது.

"ஏய்! எந்திரி."

அனுப்ரியா முகத்தைத் தூக்கினாள்.

"கிராஃப் போடறதுக்கு உனக்கென்னடி கேடு? கண்ண மூடிட்டுப் போடற கணக்க கடைசிக்கு வெச்சுட்டு, பெரிய கணக்கு மொதல்ல போடோணுமா? யாருகிட்டக் காட்டறதுக்கு? கேமராக்காரனுக்கா? என்ற புள்ள ரெண்டு மார்க்குல தோக்கறவளாடி? வாத்தியாரு தலபாடா அடிச்சுக்கிட்டாரே, சுலபமானத மொதல்ல போடுன்னு! திமிரு! நெம்பத் திமிரு உனக்கு!"

"ஏம்புள்ள, அவளே நொந்துபோயி..." என்று எழுந்தான் கந்தசாமி.

"நீங்க சும்மா இருங்க. அவள வூட்ல இருன்னு சொல்றதுக்கு நீங்க யாரு?"

பசம்மா மெதுவாக எழுந்து, வாசலில் நின்ற இரு பெண்களையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அனுப்ரியாவுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானு ஒரு மாசத்துல அத்தன பாடம் படிச்சேன், அது உனக்குத் தெரியல! நீ போதும்னு சொல்லாம இருந்திருந்தா முன்னாடியே படிச்சிருப்பேன்! கிராஃப்புன்னா எனக்கு வாந்தி வருது, தெரியுமா உனக்கு?"

"வாந்தி எடுத்துட்டுப் போடு! அடுத்த பரீட்ச எப்ப?"

"எனக்கென்ன தெரியும்? ஜூன்ல இருக்கும்."

"இருக்குமா? தெரிஞ்சு வெச்சுக்கறதில்லையா? மூஞ்சியக் கழுவிட்டு வந்து சோத்தத் தின்னு."

அந்தப் பெண் விசும்பிக்கொண்டே போய் முகத்தைக் கழுவினாள். கந்தசாமி மாம்பழத்தைக் கையில் எடுத்து, வெட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் மறுபடி கீழே வைத்தான்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு சொர்ணலதாவே போன் போட்டாள். பள்ளிக்கூடம் லீவு. மணி நெடுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தார்கள்.

"எந்திரிச்சுட்டீங்களா சார்?"

"அப்பவே ஏந்திட்டேன்மா" என்றார் நஞ்சுண்டசாமி. குரலில் தூக்கம் அப்படியே இருந்தது.

மகளால் வந்த ஒற்றைக் குறைக்காக அவரை ஏற்கெனவே யாரோ கேள்வி கேட்டிருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை, அவளே ஊகித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இரண்டாவது பரீட்சை கொஞ்ச நாளிலேயே இருக்கிறது, கணக்கு மட்டும் எழுதினால் போதும், தவறியவர்களுக்கு லீவிலும் வகுப்பு எடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, நம் பள்ளியில் இருப்பதோ ஒரே ஆள், வரச் சொல்லுங்கள் என்றார்.

"சீட்டு முடிஞ்சுராதுங்களா சார்?"

"மைசூர்ல மொதல் சுத்து முடிஞ்சுரும். அறுபதைத் தாண்டினா சாமராஜநகர்லயாவது கிடைக்கும். பஸ் இருக்கு, போய்ட்டு வரலாம். நோடிம்மா, அவ கஷ்டமான கணக்கு எல்லாம் சரியாத்தான் போட்டிருப்பா. நான்தான் சொல்லிக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா? சுலபமானத மட்டும் இப்ப மொதல்ல போட வெக்கணும்."

ஆக, அந்த லீவு முழுக்க ஒரு காலி வகுப்பறையில் ஒரு வாத்தியாரும் ஒரு மாணவியும் உட்கார்ந்து கிராஃப் வரைந்தார்கள். அனுப்ரியாவுக்கு வாந்தி ஒன்றும் வரவில்லை. தினமும் வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கிராஃப் போட்டியா?" என்று கேட்பாள். "போட்டேன், போட்டேன்" என்று அவள் பல்லைக் கடிப்பாள். இரண்டாவது பரீட்சைக்கு சொர்ணலதா லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். கேட்டுக்கு வெளியே, தன்னைப்போலவே வந்து நின்ற தாய்மார்களோடு வெயிலில் நின்றாள். அவர்களில் பலர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள், ஏதோ துக்கத்துக்கு வந்தவர்கள்போல. அவளுக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

முடிவு வந்த நாளில் அவள் வேலையில் இருந்தாள். வேலை நேரத்தில் கைபேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அந்தக் கம்பெனிச் சட்டம். டீ இடைவேளைக்கு மணி அடித்தபோது செக்யூரிட்டி வந்து, கேட்டில் உன் பெண் நிற்கிறாள் என்றார். சொர்ணலதா கையில் வேலையோடு வேலையாகப் பிடித்திருந்த ஒரு சட்டையை மேஜையில் வைக்க மறந்து, தோளில் போட்டுக்கொண்டே போனாள்.

அனுப்ரியா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். வியர்வையில் நெற்றிமுடி ஒட்டியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வந்திருக்கிறாள்.

"அம்மா, அறுபத்தெட்டு."

சொர்ணலதா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நூத்துக்கு அறுபத்தெட்டு. சார்கிட்ட சொன்னேன். சாமராஜநகர்ல சிவில் கிடைச்சுருமாம். அப்ளிகேஷன் போட இன்னிக்கே வரச் சொன்னாரு."

சொர்ணலதாவுக்குக் கண்ணீர் தாரையாக இறங்கியது. அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"மிச்சம் முப்பத்திரண்டு எங்கடி போச்சு?"

"அம்மா!"

"கேக்கறேன்ல. எங்க போச்சு?"

செக்யூரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அனுப்ரியாவும் சிரித்துவிட்டாள். பிறகு கம்பிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கி, எந்தக் கணக்கில் எத்தனை போயிருக்கும், எங்கே என்ன தப்புச் செய்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். பாதிக்குமேல் சொர்ணலதாவுக்குப் புரியவில்லை. டீ இடைவேளை முடியும்வரை நின்று முழுவதையும் கேட்டாள்.